இருட்டுக்குள் இறங்கிய பொடியன்

போன இதழில் ஒரு வாசகர், இரவு நேரத்தில் நான் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தார். 'லிம்போ என்றொரு வீடியோ கேம் விளையாடுகிறேன்' என்று ஒற்றை வரியில் பதில் எழுதினேன். அந்த வரிக்கு வந்த கடிதங்கள், முந்திய நான்கு இதழ்களுக்கும் வந்தவற்றை விட அதிகம். எனவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே. விலைவாசி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும். விலைவாசி எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: ஐயா, ஐம்பது வயதைக் கடந்தவர் நீங்கள். பிள்ளைகள் விளையாடுகிற சாமானில் உங்களுக்கு என்ன வேலை? அது என்ன விளையாட்டு?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பழி மின்சாரத்தின் மீது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். எனக்குப் பழுதுபார்ப்பதுதான் தொழில். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. முன்பு வானொலிப் பெட்டிகள், இப்போது மடிக்கணினிகள். மின்சாரம் இல்லாவிட்டால் ஈயம் பற்றவைக்கும் கோலும் சும்மா கிடக்கும், அதைப் பிடிக்கும் கையும் சும்மா கிடக்கும். கனடாவிலிருந்து வந்து நின்ற அக்காவின் மகன் தன்னுடைய மடிக்கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மாமா, இதில் இன்னும் இரண்டு மணி நேரத்துக்குச் சார்ஜ் இருக்கிறது. இதை விளையாடிப் பாருங்கள்" என்றான்.

திரையில் ஒரு காடு. நிறம் இல்லை, கறுப்பும் வெள்ளையும் இடையில் சாம்பலும்தான். பனிமூட்டம், மரங்களின் நிழலுரு, நிலத்தில் புல். அவ்வளவுதான். எதுவும் அசையவில்லை. ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். 'இயந்திரம் உறைந்துவிட்டது, இவன் திருத்தத்தான் கொண்டுவந்திருக்கிறான்' என்று முடிவுகட்டி அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தேன். "மாமா, ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்!" என்று கத்தினான். அழுத்தினேன். புல்லுக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் திறந்தன. கண்கள். அதுவரை அங்கே ஒரு சிறுவன் படுத்திருக்கிறான் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தச் சிறுவனைக் காட்டுக்குள்ளால் கூட்டிக்கொண்டு போவதுதான் விளையாட்டு. இடம், வலம், தாவுதல், பிடித்து இழுத்தல். வேறு வித்தை அவனுக்குத் தெரியாது. மேடு பள்ளம் தாவி ஓடுகிற இந்த வகைக்குப் 'பிளாட்போர்மர்' என்று பெயர். 1985இல் வந்த சூப்பர் மரியோவும் இதே சாதிதான். ஆனால் மரியோவின் உலகத்தில் நாணயம் விழும், பாட்டு ஒலிக்கும், புள்ளி ஏறும். இங்கே புள்ளி இல்லை, உயிர்க் கணக்கு இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஒரு சொல்லும் இல்லை. சிறுவனுக்கு வாயும் இல்லை. மரம், குழி, தண்ணீர், பொறி எல்லாம் அவனைக் கொல்லக் காத்திருக்கின்றன.

சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தபோது கடைக்குள்ளும் அதே இருட்டு. எனக்கு ஒரு கணம் எது எதுவென்று பிடிபடவில்லை.

கேள்வி: எனது மகனுக்கு வயது 13. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதே விளையாட்டை எடுத்து விளையாடுகிறான். எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளையின் தலை துண்டாகப் போகிறது! இதைத் தடுப்பதா விடுவதா? நீங்கள்தான் பொறுப்பு.
– ஒரு தாய், கொக்குவில்

பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன், தங்கச்சி. முதலில் கைக்கு உதவுகிற ஒன்று: விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனால் கோரக் காட்சிகளை மறைக்கிற ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் சிறுவன் சாகிற கணத்தில் திரை கறுத்துவிடும், துண்டாவது தெரியாது. மகனோடு பேசி அதைப் போட்டுவிடுங்கள். அவனுக்குத் தெரியாமல் போட்டால் அடுத்த நாளே கண்டுபிடித்துவிடுவான்.

அந்தக் கோரம் வேடிக்கைக்காக வைத்தது மாதிரி எனக்குப் படவில்லை. செய்தவர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். செத்துச் செத்துத்தான் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிழையான வழி எவ்வளவு அருவருப்பாக இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கை அந்தப் பக்கம் திரும்பப் போகாது. சிறுவன் செத்தால் தண்டனை எதுவும் கிடையாது. சில அடி பின்னுக்கு அப்படியே எழுந்து நிற்பான். ஒருவன் மூன்று தரம் ஒரே பொறியில் மிதித்தால் நான்காம் தரம் தாவுவான். இது பிள்ளைக்குக் கெடுதல் செய்யும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வேறொன்றுதான் முன்னால் வந்தது.

காட்டின் தொடக்கத்திலேயே புல்லுக்குள் கரடிப் பொறிகள் கிடக்கின்றன, வாயைப் பிளந்தபடி. முதல் பொறியைக் கண்டதும் எனது கை தானாக நின்றுவிட்டது. மருமகன் "போங்கள் மாமா" என்கிறான், விரல் அசையவில்லை. அவன் கனடாவில் பிறந்தவன்; புல் என்றால் அவனுக்குப் புல்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு சின்னம்மாவின் வளவைப் பார்க்கத் தென்மராட்சிக்குப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. படலை இருந்த இடத்திலிருந்து கோடிப்புறம் வரை ஒற்றையடியாக ஒரு பாதைக்குத்தான் அனுமதி. இரண்டு பக்கமும் சிவப்புப் பலகைகள், மண்டையோட்டுப் படம், 'மிதிவெடி அபாயம்' என்ற எழுத்து. முன்னால் போகிறவரின் அடித்தடத்தில் கால் வைத்து நடக்கச் சொன்னார்கள். நாங்கள் ஆறு பேர் கோவில் வரிசை மாதிரி நடக்கிறோம், பக்கத்து வீட்டு நாய் எங்களைக் கண்ட சந்தோஷத்தில் பலகையைத் தாண்டிப் புல்லுக்குள் பாய்ந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் எந்தப் பக்கத்தால் ஓடிவருமோ என்ற பயம். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டார். நாய் வளவை ஒரு சுற்றுச் சுற்றி, கறிவேப்பிலை மரத்தடியில் காலைத் தூக்கிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. அப்போதும் ஒருவரும் பேசவில்லை.

எனது மகளுக்கு 14 வயது. அவள் அந்த விளையாட்டில் பொறி கிடக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் ஓடிப்போய்ச் சாவாள், சிரிப்பாள், எழும்புவாள், திரும்ப ஓடுவாள். அவளுடைய காலில் அந்தப் பயம் இல்லை. அதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. கூடவே, முகமாலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அவளை யன்னல் பக்கம் இருத்தி அந்தப் பலகைகளைக் காட்டாமல் விட்டதும் இல்லை. இரண்டையும் செய்கிறேன். நீங்களும் உங்கள் மகனுக்குப் பக்கத்தில் ஒரு அரை மணி நேரம் இருந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: சிலந்தியிடம் மாட்டிவிட்டேன். நான்கு நாளாகக் குத்திக் கொல்கிறது. வழி சொல்லுங்கள்.
– பல்கலைக்கழக மாணவன், திருநெல்வேலி

தம்பி, இணையத்தில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் விடையை எனக்குக் கடிதமெழுதிக் கேட்டதற்காகவே உங்களுக்கு அரை விடை தருகிறேன். அரைதான்.

அந்தச் சிலந்தி மரத்துக்குப் பின்னால் காலை மடித்துக்கொண்டு இருக்கிறது. ஒவ்வொரு கால் நுனியும் அலவாங்கு மாதிரி. கிட்டப் போனால் குத்தும். நீங்கள் அதனுடைய காலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் மூன்று இரவு அதைத்தான் பார்த்தேன். அது நிலத்தில் குத்தும்போது வேறு எங்கேயோ ஒரு இரும்புச் சத்தம் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பாருங்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஹெட்போன் போடாமல் விளையாடுகிறீர்களோ? அப்படியானால் பாதி விளையாட்டை விட்டுவிட்டீர்கள். இதன் ஒலியைச் செய்தவர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன். டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரத்து இசைக் கல்லூரியில் படித்தவர். மெட்டு என்று முணுமுணுக்க எதுவும் கிடையாது. காற்று, இரும்பு உரசுவது, தூரத்தில் ஏதோ மூச்சுவிடுவது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு எது ஒலி எது இசை என்று பிரிக்க முடியாமல் பண்ணிவிட்டார். வானொலி திருத்திப் பழகிய காதுக்கு இது பெரிய விருந்து. நிலையங்களுக்கு இடையில் முள்ளை நகர்த்தும்போது வருகிற இரைச்சலை நான் சின்ன வயதில் ரசித்துக் கேட்டவன். வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன்.

இருட்டில் காதால் நடப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. ஆவணி மாதத்துப் பனங்காணியை நினைத்துப் பாருங்கள். உங்கள் வயதுக்காரருக்குத் தெரியுமோ என்னவோ. இரவில் படுத்திருப்போம், 'தொப்' என்று ஒரு சத்தம். பனம்பழம். அது எந்தப் பக்கம், கிணற்றடியா வேலிக்கரையா என்று பாயில் கிடந்தபடியே கணக்குப் போட வேண்டும். விடியுமுன் பக்கத்து வீட்டுப் பொடியன்கள் வந்துவிடுவார்கள். ஜாம் போத்தல் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால் வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகாது. அதற்கப்பால் எல்லாம் கறுப்பு மரம், சாம்பல் வானம். காற்று வந்தால் நிற்க வேண்டும், காவோலை தலையில் விழும். சரசரப்பது காவோலையா பாம்பா என்று காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லிம்போவை முதல் நாள் பார்த்தபோது 'இது எங்கள் பனங்காணி அல்லவா' என்றுதான் வாயில் வந்தது. மருமகன் சிரித்தான்.

கேள்வி: இதைச் செய்தது எந்தப் பெரிய கம்பனி? எங்கள் பிள்ளைகளால் இப்படி ஒன்று முடியாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

பெரிய கம்பனி எதுவும் இல்லை, ஐயா. பெரிய கம்பனியில் அலுத்துப்போய் வெளியே வந்த ஒருவர். ஆர்ன்ட் ஜென்சன் என்ற டென்மார்க்காரர். ஒரு விளையாட்டு நிறுவனத்தில் படம் வரைகிற வேலையில் இருந்தவர். 2004 அளவில் இந்தக் காட்டையும் சிறுவனையும் தன்பாட்டுக்கு வரையத் தொடங்கினார். 2006இல் ஒரு சின்ன ஒளித்துண்டைச் செய்து இணையத்தில் போட்டார். நிரல் எழுத ஓர் ஆள் அகப்படாதா என்ற எண்ணம்தான். டீனோ பட்டி என்பவர் வந்து சேர்ந்தார். இருவருமாகக் கோப்பன்ஹேகனில் 'பிளேடெட்' என்று சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டென்மார்க் அரசின் நிதியுதவியும் தொடக்கத்தில் கைகொடுத்தது. 2010 ஜூலை 21இல் எக்ஸ்பொக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியில் 15 டொலருக்கு வெளிவந்தது. அடுத்த வருடம் கணினிக்கு வந்தது. நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஒரு விளையாட்டுக்கு இத்தனை வருட வேலை.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு. அந்தக் காடு, ஜென்சன் வளர்ந்த பண்ணையைச் சுற்றியிருந்த காட்டின் சாயல். அந்தச் சிலந்தி, அவருக்குச் சிலந்தியிடம் உள்ள பயம். தன்னுடைய வளவையும் தன்னுடைய பயத்தையும் தவிர அவர் எங்கும் தேடிப் போகவில்லை.

எங்கள் மொழியில் இப்படி ஒன்று வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். இடம் கருதிக் கேள்வியைச் சுருக்கிவிட்டேன். 2014இல் 'நெவர் அலோன்' என்றொரு விளையாட்டு வந்தது. அலாஸ்காவின் இன்யூபியாட் மக்களுடைய கதை. ஒரு சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகிறார்கள். அதே மாதிரி ஓடித் தாவுகிற வகை. அதே மாதிரி இரக்கமில்லாத வெளி. கதைசொல்லி முழுக்கத் தங்கள் மொழியிலேயே பேசுகிறார், கீழே எழுத்து ஓடுகிறது. அங்குள்ள பழங்குடி மக்களுக்கான ஓர் அமைப்பே முதல் போட்டு, ஊர்ப் பெரியவர்களை உட்கார்த்திவைத்துக் கேட்டுச் செய்தது. மிகச் சில ஆயிரம் பேரே பேசுகிற மொழி அது. நாங்கள் எத்தனை கோடி?

யாழ்ப்பாணத்தில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. எனது கடைக்கே வாரத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். விளையாட்டுகளைச் செய்ய உதவும் 'கொடோ' என்ற மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். மேலே சொன்ன பனங்காணியை யாராவது செய்யட்டும். ஒரு பொடியன், ஒரு ஜாம் போத்தல் விளக்கு, விடியுமுன் பழம் பொறுக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. காவோலைச் சத்தம் வேண்டுமென்றால் நானே பதிவு செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

கேள்வி: லிம்போவில் சிறுவன் தேடிப் போகிறானே, தங்கையா, அக்காவா அவள்? கடைசியில் அந்தப் பெண்பிள்ளை உயிரோடு இருக்கிறாளா, இல்லையா? எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு வாசகி, பருத்தித்துறை

சகோதரியைத் தேடி ஒரு சிறுவன் உள்ளே போகிறான். அவளுக்கு என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. செய்தவர்கள் வெளியில் சொன்னது இந்த ஒரு வரிதான். மூத்தவளா இளையவளா என்பதைக்கூட விளையாட்டு சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் சமாளித்துவிட்டார்கள், தமிழில் எழுத வந்தவனுக்குத்தான் தொல்லை. எங்கள் வீட்டில் மகள் 'தங்கச்சி' என்கிறாள், நான் 'அக்கா' என்கிறேன். எனக்கு அக்கா இருக்கிறார், அவளுக்கு அண்ணன் இருக்கிறான். இருவரும் அவரவர் வீட்டை வைத்துப் பேசுகிறோம்.

உயிரோடு இருக்கிறாளா என்பதற்குப் பதில் சொல்ல மாட்டேன். முடிவைக் கண்டவர்கள் ஒருதரம் தொடக்கத் திரையைத் திரும்பப் பார்க்கட்டும். நீங்கள் இன்னும் ஓர் இரவு தூங்காமல் இருப்பீர்கள்.

கேள்வி: தலையில் ஒட்டுகிற புழு எதைக் குறிக்கிறது? அரசியலா?
– 'சந்தேகி', மானிப்பாய்

மேலேயிருந்து விழுந்து தலையில் ஒட்டிக்கொள்கிற வெளிச்சப் புழுவைச் சொல்கிறீர்கள். அது ஒட்டினால் சிறுவனால் ஒரே திசையில்தான் நடக்க முடியும், நிறுத்தவும் ஏலாது, வெளிச்சம் பட்டால் மட்டும் அப்படியே எதிர்த் திசைக்குத் திரும்பி நடப்பான். எனது மகள் அதைக் கண்டதும், "அப்பா, காலை ஐந்தரை மணி ரியூசன்" என்றாள். இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

கேள்வி: ஒரு கடையில் இதன் பிரதியை மலிவாகப் பதிந்து தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், யாழ். நகரம்

அப்படிப் பதிந்து வாங்கிய கணினிகள்தான் வைரஸோடு எனது மேசைக்கு வருகின்றன. எனக்கு வருமானம், வாங்குங்கள். கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கிற ஸ்டீம் தளத்தில் இதை முறைப்படி வாங்கலாம், விலைக்கழிவு நாட்களில் மிகக் குறைவு.

கேள்வி: லிம்போவை முடித்துவிட்டேன். அடுத்து?
– வாசகர், சாவகச்சேரி

அதே குழு 2016இல் செய்த 'இன்சைட்'. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதையாவது உளறிக் கெடுத்துவிடுவேன். ஒன்று மட்டும்: அதன் ஒலிகளை ஆண்டர்சன் ஒரு மனித மண்டையோட்டுக்குள்ளால் செலுத்திப் பதிவு செய்தார். கேட்கும்போது அது உங்கள் தலைக்குள்ளிருந்தே வருவது போல இருக்கும்.

பொறுமை இருந்தால் 2017இல் வந்த 'ரெயின் வேர்ல்ட்'. பூனையும் ஓடில்லாத நத்தையும் கலந்த மாதிரி ஒரு பிராணியாக நீங்கள். பெருமழை வருமுன் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒரு பொந்துக்குள் போய்ச் சுருண்டுவிட வேண்டும்; பிந்தினால் மழையே நசுக்கிக் கொன்றுவிடும். அங்குள்ள பல்லிகள் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை. தங்கள் பாட்டுக்கு வேட்டையாடுகின்றன, தங்களுக்குள் சண்டை பிடிக்கின்றன, நீங்கள் குறுக்கே போனால் சாப்பிடுகின்றன. லிம்போவின் காடு உங்களைக் கொல்வதற்கென்றே கட்டியது. இந்த உலகத்துக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. எது கூடப் பயங்கரம் என்று கார்த்திகை மழையில் விளையாடிப் பார்த்துச் சொல்லுங்கள். நான் பாதியில் நிறுத்திவிட்டேன், பல்லிகளோடு எனக்குச் சரிவரவில்லை.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், எத்தனை தரம் செத்தீர்கள்?
– வாசகர், காரைநகர்

நாட்காட்டியின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியதும் மனைவி நாட்காட்டியைப் பிடுங்கிவிட்டார், பின்பக்கத்தில்தான் பால்காரருக்குக் கொடுத்த கணக்கும் இருந்ததாம். இந்த விளையாட்டில் ஒரு பரிசு இருக்கிறது: ஒரே இருப்பில், ஐந்து சாவுக்கு மேற்படாமல் முழுவதையும் முடித்தால் கிடைக்கும். மகள் முயன்றுகொண்டிருக்கிறாள், போன சனிக்கிழமை ஆறாவதில் போய்விட்டது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

எனது சாவில் பெரும்பங்கு தண்ணீரில். இந்தப் பொடியனுக்கு நீந்தத் தெரியாது, கழுத்தளவுக்கு வந்தால் அமிழ்ந்துவிடுவான். கீரிமலைக் கேணியில் பெரியப்பா தள்ளிவிட்டு நீந்தப் பழகியவன் நான். குளத்தைக் கண்டால் கை யோசிக்காமல் இறக்கிவிடுகிறது. நேற்றும் இறக்கினேன்.